பன்னிரண்டு பேரின் மூன்று வாரம், 480 பேரின் நாற்பது வருடம்

ஈறில் ரத்தம் வருகிறது என்று பல் டாக்டரிடம் போகும் யாருக்கும் முதலில் கிடைக்கும் பதில், "நீங்க சரியா தேய்க்கிறதில்ல" என்பதுதான். பதினைந்து வயதுப் பையனின் ஈறு வீங்கினாலும் இதே பதில், நாற்பது வயதில் முன்பல் ஆட ஆரம்பித்தவருக்கும் இதே பதில். இது எங்கிருந்து வந்தது, எதுவரைக்கும் சரி, எந்த இடத்தில் வைத்தியம் முடிந்து நோயாளி மேல் பழி போடுவது தொடங்குகிறது என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உறுத்தல். அந்தப் பதிலுக்கு அஸ்திவாரம் போட்டவரும், அது முழுப் பதில் இல்லை என்று பின்னால் காட்டியவரும் ஒரே ஆராய்ச்சியாளர் என்பதால் உறுத்தல் இன்னும் கூடுகிறது. நார்வேக்காரரான ஹாரல்ட் லோதான் அவர். அவருடைய முதல் வேலை டென்மார்க்கில் பன்னிரண்டு பேரை வைத்து மூன்று வாரத்தில் முடிந்தது. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இடம் பிடித்துவிட்டது. இரண்டாவது, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வாய்களில் நடந்தது. நம்மவர்களின் வாய்கள். அதைப் பரீட்சைக்கு மூன்று எண்களாக மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம்.

முதலில் அளவுகோல்

லோ 1926ல் பிறந்தார். ஆஸ்லோவில் பல் மருத்துவம் படித்தவர், 1962ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து ராயல் டென்டல் காலேஜுக்கு ஈறுநோய்த் துறைப் பேராசிரியராகப் போனார். ஈறுநோய் ஏன் வருகிறது என்று அன்றைக்குக் கேட்டால் வைட்டமின் குறைவு, ஹார்மோன், பல் சரியாகக் கடிபடாதது, வயசு, பல்லில் கெட்டியாகப் படிந்த காரை உறுத்துவது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பாக்டீரியாவும் அந்த வரிசையில் எங்கோ நின்றது. எந்தக் காரணத்தையும் ஒதுக்க முடியாததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. ஈறு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று இரண்டு டாக்டர்கள் ஒத்துப்போகிற மாதிரி சொல்ல வழியே இல்லை.

கர்ப்பிணிப் பெண்களின் ஈறுகளை ஆராயும்போது லோவும் சில்னெஸ் என்பவரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1963ல் ஈறுக்கு ஒரு குறியீடு, 1964ல் பல்லில் படியும் படலத்துக்கு ஒரு குறியீடு. இரண்டுமே 0 முதல் 3 வரை. ஈறு நன்றாக இருந்தால் 0. நிறம் லேசாக மாறி, கொஞ்சம் ஊதியிருந்து, புரோப் என்ற மெல்லிய அளவுக் கம்பியால் ஓரத்தைத் தடவினால் ரத்தம் வராவிட்டால் 1. சிவந்து பளபளத்து, தடவினால் ரத்தம் வந்தால் 2. தானாகவே ரத்தம் கசிந்து புண்ணாகியிருந்தால் 3. படலக் குறியீட்டில், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் புரோப் நுனியை ஓட்டினால் நுனியில் ஒட்டிவரும் என்பது 1. வெறும் கண்ணுக்கே தெரிந்தால் 2. ஈறு ஓரத்தில் அப்பிக் கிடந்தால் 3. அறுபது வருடம் கழிந்தும் இதையே பயன்படுத்துகிறோம். 1க்கும் 2க்கும் நடுவே கோடு போட்ட இடத்தில்தான் இதன் புத்திசாலித்தனம் இருக்கிறது. நிறம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது, ரத்தம் வந்ததா இல்லையா என்பதில் வாக்குவாதத்துக்கு அதிகம் இடமில்லை. இதிலும் கெடுக்கிற விஷயங்கள் உண்டு. பல்லைக் காற்றடித்து உலர்த்தாமல் பார்த்தால் எச்சில் பளபளப்பை ஈறின் பளபளப்பு என்று எண்ணிக்கொள்ளலாம். புரோப்பை ஓரமாகத் தடவாமல் உள்ளே குத்தினால் ஊரில் எல்லாருக்கும் 2 போடலாம்.

தேய்க்காதே என்றால் என்ன ஆகும்

1965ல் வெளிவந்த சோதனையை இன்று வாசித்தாலும் அதன் எளிமை ஆச்சரியப்படுத்தும். லோ, எல்ஸ தைலாடே, யென்சன் மூவரும் ஈறு நன்றாக இருந்த பன்னிரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள்: முதலாண்டுப் பல் மருத்துவ மாணவர்கள் ஒன்பது பேர், ஆசிரியர் ஒருவர், ஆய்வகத் தொழில்நுட்பர்கள் இரண்டு பேர். வாய் சுத்தம் செய்வதை முழுக்க நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னார்கள். பிரஷ் கிடையாது, குச்சி கிடையாது. இடையிடையே இரண்டு குறியீடுகளையும் பதிவு செய்தார்கள். ஈறு ஓரத்திலிருந்து படலத்தை எடுத்து ஸ்லைடில் பூசி, கிராம் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கிராம் சாயம் ஏற்றுவது காலேஜில் உயிரியல் படித்த எல்லாருக்கும் தெரிந்த வேலை: முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், பிறகு ஆல்கஹாலில் கழுவுதல், கடைசியில் சிவப்புச் சாயம். ஊதா நிலைத்தவை கிராம் பாசிட்டிவ், ஊதா கழுவிப் போய்ச் சிவப்பு ஏறியவை கிராம் நெகட்டிவ். ஆல்கஹாலை நாலு வினாடி கூட வைத்துவிட்டால் பாசிட்டிவும் வெளுத்து நெகட்டிவ் போலத் தெரியும். வாய்ப் படலம் மாதிரிக் கட்டியாகப் பூசப்பட்ட ஸ்லைடில் நடுப்பகுதி ஒரு மாதிரியும் ஓரம் ஒரு மாதிரியும் சாயம் பிடிக்கும். அதனால் மெல்லியதாகப் பரப்புவதிலேயே பாதி வேலை இருக்கிறது.

முதல் இரண்டு நாள் உருண்டை உருண்டையான கோக்கைகள், குட்டையான குச்சிகள், பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ். அதன்பின் நாலாவது நாளுக்குள் நீள நூலிழைகளும், இரண்டு முனையும் கூரான ஃபியூசோபாக்டீரியாக்களும் சேர்ந்தன. நாலாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாளுக்குள் சுருள் வடிவ ஸ்பைரில்லாக்களும் ஸ்பைரோகீட்டுகளும் வந்து சேர்ந்தன. அதாவது படலம் தடிமனாக ஆனது மட்டுமல்ல, உள்ளே குடியிருப்பவர்களே மாறிவிட்டார்கள். முதலில் வருபவை ஆக்சிஜனைக் குடித்து அடியில் காற்றில்லாத இடத்தை உண்டாக்குகின்றன, காற்று ஆகாதவை பிறகு அங்கே வந்து தங்குகின்றன. இந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறவில்லை. மாறியது வேகம் மட்டும். மூன்று பேருக்குப் பத்தாவது நாளிலேயே ஈறு வீங்கிவிட்டது. மீதி ஒன்பது பேருக்கு 15 முதல் 21 நாள் ஆனது. தப்பியவர் யாருமில்லை. பிறகு பிரஷையும் பல்லிடுக்குக் குச்சியையும் கையில் கொடுத்தார்கள். ஒரு வாரம் போல ஆனதும் ஈறுகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன, ஸ்லைடிலும் பழைய உருண்டைகள்.

காரணத்தைக் கொண்டுவந்தால் நோய் வருகிறது, எடுத்தால் போய்விடுகிறது. மனித நோய்களில் இவ்வளவு சுத்தமாக ஒன்றை நிரூபிக்கக் கிடைப்பது அபூர்வம். வைட்டமின், ஹார்மோன், கடிபடுதல் எல்லாம் பின்னால் போய், படலம் முன்னால் வந்தது. "சரியா தேய்க்கல" என்ற வாக்கியத்துக்கு அறிவியல் முத்திரை விழுந்த நாள் இது.

அடுத்த சில வருடங்களில் லோவின் குழு இந்த மாதிரியையே அடிப்படையாக வைத்து இரண்டு நடைமுறைக் கேள்விகளுக்கு விடை கண்டது. 1970ல் லோவும் ஷியட்டும் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் 10 மில்லியை ஒரு நாளைக்கு இரண்டு வேளை வாயில் கொப்பளித்தால், பிரஷே தொடாவிட்டாலும் படலம் சேர்வதில்லை, ஈறும் வீங்குவதில்லை என்று காட்டினார்கள். இன்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சிவப்பு மவுத்வாஷின் பிறப்பு அங்கேதான். குளோர்ஹெக்சிடின் மூலக்கூறில் இரண்டு பாசிட்டிவ் மின்னூட்டங்கள். பல்லிலும் கன்னத்துச் சவ்விலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாக விடுபடும். அதே குணத்தினால்தான் டூத்பேஸ்டின் நுரைப்பொருளோடு அது பிணைந்து வீணாகிறது. தேய்த்த கையோடு கொப்பளிப்பவர்கள் பாதி மருந்தைத் துப்புகிறார்கள். அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ, காபியின் நிறப்பொருளையும் அது பல்லோடு சேர்த்துப் பிடிக்கும், பழுப்புக் கறை வரும், நாக்கில் ருசி மங்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்கிறோம். அது ஈறுக்கு மேலேதான் வேலை செய்யும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உண்டாகும் ஆழமான பைக்குள் இறங்காது. கொப்பளித்தே பயோரியாவைக் குணப்படுத்தலாம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவுக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும்? 1973ல் லாங், கம்மிங், லோ மூவரும் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து 12, 48, 72, 96 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுக்கச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். 48 மணி நேரம் வரை விட்டவர்களுக்கு ஈறு அழற்சி வரவில்லை, அதற்கு மேல் விட்டவர்களுக்கு வந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும் என்று நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அந்த மாணவர்கள் சுத்தம் செய்த அளவுக்கு வீட்டில் யாரும் செய்வதில்லை என்பதே காரணம். ஆனால் நாலு வேளை அரைகுறையாகத் தேய்ப்பதை விட, ஒரு வேளை பல்லிடுக்கையும் சேர்த்துப் படலத்தை முழுசாக உடைப்பது பெரிது என்பது இந்த ஆய்விலிருந்து நேராகக் கிடைக்கும் பாடம்.

மூன்று வாரத்துக்குப் பிறகு என்ன

1965 சோதனையில் ஒரு எல்லை உண்டு, அதை லோ நன்றாகவே அறிந்திருந்தார். வீங்கியது ஈறு மட்டும். ஒருவருக்கும் எலும்பு கரையவில்லை, பல் ஆடவில்லை. பல்லைப் பிடித்து நிறுத்தும் நாரும் எலும்பும் கரைவதுதான் பெரியோடான்டைட்டிஸ். பழைய ஆட்கள் பயோரியா என்று சொல்வது. அது வருடக்கணக்கில் நடக்கும், கரைந்தது திரும்பியும் வராது. ஈறு அழற்சியை அப்படியே விட்டால் எல்லாருக்கும் அது எலும்புநோயாகத்தான் முற்றுமா? இதைத் தெரிந்துகொள்ள மாணவர்களிடம் பத்து வருடம் தேய்க்காதே என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே தேய்க்காத, டாக்டரையே பார்த்திராத, ஆனால் மற்றபடி ஆரோக்கியமான ஒரு கூட்டம் வேண்டும். நிலையான இடத்தில் வசிக்க வேண்டும், திரும்பத் திரும்பத் தேடிப்போனால் கிடைக்க வேண்டும்.

அப்படித்தான் 1970ல் இலங்கை மலைநாட்டின் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்கள் ஆய்வுக்குள் வந்தார்கள். வயது 14 முதல் 31 வரை. ஒப்பிட, 1969ல் ஆஸ்லோவில் தொடங்கிய 565 ஆண்களின் குழு: மாணவர்கள், படித்த வேலையில் இருப்பவர்கள், சிறு வயதிலிருந்தே பல் பராமரிப்பு கிடைத்தவர்கள். தோட்டத்தில் 1971, 1973, 1977, 1982, 1985 என்று மறுபடி மறுபடி போய் அதே ஆட்களைப் பரிசோதித்தார்கள். லோவோடு ஓனெருட், பாய்சன், மாரிசன் ஆகியோர் சேர்ந்து எழுதிய 1986ம் வருடக் கட்டுரையில் பதினைந்து வருடத்து முடிவுகள் வந்தன.

எதை அளந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ச் சீட்டுகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். புரோப்பைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கினால் ஈறு ஓரத்திலிருந்து அடி வரை கிடைப்பது பையின் ஆழம். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். ஆனால் ஈறு ஓரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. வீங்கினால் ஏறும், கரைந்தால் இறங்கும். ஆகவே எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டை அசையாத புள்ளியாக வைத்து, அங்கிருந்து பையின் அடி வரை அளந்தால்தான் பல் எவ்வளவு பிடிப்பை இழந்திருக்கிறது என்பது தெரியும். பை 5 மில்லிமீட்டர், ஈறு ஓரம் கோட்டுக்கு மேலே 2 மில்லிமீட்டர் ஏறி நிற்கிறது என்றால் பிடிப்பு இழப்பு 3. பை வெறும் 2 மில்லிமீட்டர்தான், ஆனால் ஈறு கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது என்றால் இழப்பு 5. பையை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது ஆளை நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். காரை அப்பியிருந்தால் அந்தக் கோடே தெரியாது, விரல் உணர்வில் தேட வேண்டும். வீங்கிய ஈறில் புரோப் நுனி நாரைத் துளைத்துக்கொண்டு கொஞ்சம் கூடவே இறங்கும். அழுத்தம் சுமார் 25 கிராம் இருக்க வேண்டும். சமையல் தராசில் நுனியை அழுத்திப் பழகினால் கை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். இத்தனை கவனமாக அளந்தாலும் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே ஆகும். நோயோ வருடத்துக்குச் சராசரியாக அதில் பத்தில் ஒரு பங்கு, மூன்று பங்கு என்றுதான் நகர்கிறது. முழக்கோலால் தலைமுடியின் தடிமனை அளக்கிற வேலை. இரண்டு வருட ஆய்வு இதில் ஒன்றும் சொல்லாது. அதனால்தான் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலில் வந்த சராசரிகள் எதிர்பார்த்தபடியே இருந்தன. நாற்பது வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரரின் சராசரி இழப்பு 1.5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், தோட்டத் தொழிலாளிக்கு 4.5. பல்லிடுக்கில் வருடத்துக்கு அங்கே 0.08, இங்கே 0.30. தேய்த்தால் நல்லது, தேய்க்காவிட்டால் கெடுதல். 1965ன் தொடர்ச்சி என்று கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

1986ல் அவர்கள் சராசரியை உடைத்துப் பார்த்தார்கள். 480 பேருக்கும் படலம் இருந்தது, காரை இருந்தது, ஏறக்குறைய ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு வீங்கித்தான் இருந்தது. சொத்தை மட்டும் அநேகமாக இல்லவே இல்லை. (பல் சொத்தைக்கும் ஈறுநோய்க்கும் ஒரே அழுக்குதான் காரணம் என்று நினைப்பவர்கள் இங்கே நிதானிக்கலாம். சொத்தைக்குச் சர்க்கரை வேண்டும்.) வாய்நிலையில் இப்படி ஒரே மாதிரி இருந்தவர்களின் எலும்பு மூன்று வழியில் போயிருந்தது. சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் பாய்ச்சலாகப் போனது: 35 வயதில் 9 மில்லிமீட்டர், 45 வயதில் 13 மில்லிமீட்டர் இழப்பு. பெரும்பாலான பல்வேர்களின் மொத்த நீளமே 12 முதல் 17 மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்தால், 13 என்பது பல் போய்விட்டது என்பதற்கு இன்னொரு பெயர். சுமார் 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகம்: 35ல் 4, 45ல் 7. மீதி 11 சதவீதத்தினருக்கு 35 வயதில் ஒரு மில்லிமீட்டர்கூட இழப்பு இல்லை. வாழ்நாளில் பிரஷைத் தொடாதவர்கள், டாக்டரைப் பார்க்காதவர்கள், வாய் முழுக்கக் காரையும் வீங்கிய ஈறும். எலும்பு அப்படியே இருக்கிறது.

இந்த 11தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆர்ஹுஸில் பன்னிரண்டில் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. தோட்டத்திலும் எல்லாருக்கும் வீங்கியது. அந்த அளவில் 1965 அசையவில்லை. ஆனால் வீக்கத்திலிருந்து எலும்பு அழிவுக்குப் போகிற பாதை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. வாய்ப் பராமரிப்பு என்ற வித்தியாசமே இல்லாத ஒரு கூட்டத்துக்குள் இப்படிப் பிளவு வந்தால், தேய்த்தது தேய்க்காதது என்பதைக் கொண்டு அதை விளக்க வழியில்லை. நாற்பது வயதில் பல் ஆடி வருகிறவர் அந்த 8 சதவீதத்தில் ஒருவராக இருக்கலாம். அவரை விட மோசமாகத் தேய்க்கும் அவருடைய மச்சான் எண்பது வயதில் கரும்பு கடிக்கலாம். படலத்தைக் கட்டுப்படுத்துவதுதான் இருவருக்கும் வைத்தியம், ஆனால் முதலாமவரைக் குற்றவாளியாக்க அறிவியலில் இடமில்லை.

எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவே

இந்தப் பிளவைப் பாக்டீரியாவால் விளக்க முடியுமா என்று பாஸ்டனின் ஃபோர்சித் ஆய்வு நிலையத்தில் சிக்மண்ட் சோக்ரான்ஸ்கியும் ஆன் ஹஃபாஜியும் பல வருடம் முயன்றார்கள். இந்த வேலையின் கஷ்டம் மாதிரி எடுப்பதிலேயே தொடங்கும். ஈறுக்கு மேலே இருக்கும் படலத்தை முதலில் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பையின் அடியில் இருப்பதற்குப் பதில் மேல்வீட்டுக்காரர்களை எண்ணிக்கொண்டிருப்போம். எச்சில் படாமல் பஞ்சு வைத்து, பைக்குள் மெல்லிய காகிதக் குச்சியை இறக்கிச் சில வினாடி வைத்து எடுத்து, ஆக்சிஜன் நீக்கிய திரவத்தில் உடனே போட வேண்டும். வளர்ப்பதாக இருந்தால் நைட்ரஜன் பெரும்பகுதி, மீதி ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் நிரப்பிய ஜாரில் 37 டிகிரியில் ஒரு வாரம் போல. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா வளர ஹீமினும் வைட்டமின் கேயும் கேட்கும். ரத்த அகாரில் கரும்புள்ளிகளாக மெதுவாகத் தலைகாட்டும். பொறுமையில்லாமல் இரண்டாம் நாள் தட்டைத் தூக்கிப் போட்டவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். சோக்ரான்ஸ்கி வளர்ப்பதை விட்டு, ஒரே சவ்வில் பல மாதிரிகளையும் 40 இனங்களின் டிஎன்ஏ அடையாளங்களையும் குறுக்கும் நெடுக்குமாக ஒப்பிடும் முறைக்கு மாறினார். 1998ல் 185 பேரிடமிருந்து எடுத்த 13,261 மாதிரிகளை அலசி, ஆழமான பைகளில் சேர்ந்தே வாழும் மூன்று இனங்களுக்குச் சிவப்புக் கூட்டம் என்று பெயர் வைத்தார்: ஜிஞ்சிவாலிஸ், டானெரெல்லா ஃபார்சிதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா.

குற்றவாளிகள் கிடைத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் எண்ணினார்கள். அதுவும் முழுசாக நிற்கவில்லை. ஆரோக்கியமான வாயிலும் அவை கொஞ்சம் இருக்கின்றன. 2011ல் ஹஜிஷெங்காலிஸ் குழு எலிகளில் காட்டியது இன்னும் விசித்திரம்: மொத்த பாக்டீரியாவில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக ஜிஞ்சிவாலிஸ் இருந்தாலே எலும்பு கரைகிறது. வேறு பாக்டீரியாவே இல்லாத எலியின் வாயில் அதைத் தனியாகக் குடியேற்றினால் கரைவதில்லை. அது நேரடியாக எலும்பைத் தின்பதில்லை, உடம்பின் எதிர்ப்பைக் குழப்பி, மற்ற சாதாரண பாக்டீரியாக்கள் பெருகவும் அழற்சி ஓயாமல் இருக்கவும் வழிசெய்கிறது. எலும்பைக் கரைப்பது கடைசியில் நம் உடம்பின் செல்கள்தான். உடம்பு எப்படிப் பதில் கொடுக்கிறது என்பதில் பிறவிக்கும் பங்குண்டு. 2000ல் 117 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்த ஆய்வு, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி மரபால் வருகிறது என்று கணக்கிட்டது. புகையும் சர்க்கரை நோயும் மேலே சேர்கின்றன. அமெரிக்கப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக 1983 முதல் 1994 வரை இருந்த லோ, 1993ல் அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடம் நடந்த ஆய்வுகளை வைத்து, ஈறுநோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். கண், கிட்னி, நரம்பு என்று வருடா வருடம் பரிசோதிக்கும் நம் சர்க்கரை கிளினிக்குகளில் வாயைத் திறக்கச் சொல்வது இன்னும் அரிதுதான்.

480லிருந்து 161

1985ல் லோ குழுவின் கடைசிப் பரிசோதனைக்குக் கிடைத்தவர்கள் 161 பேர். ஆய்வுக் கட்டுரைகளில் இது ஆள் இழப்பு என்ற தலைப்பில் ஒரு எண்ணாக வரும். மலையக வரலாறு தெரிந்த யாருக்கும் அந்தப் பதினைந்து வருடத்தின் அர்த்தம் தெரியும். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பட்டினி. தோட்டங்கள் அரசுடைமையான காலம். தமிழர்களுக்கு எதிரான 1977, 1983 வன்முறைகள். ஆஸ்லோவில் ஒருவர் ஆய்விலிருந்து விலகினால் வீடு மாறியிருப்பார். இங்கே ஒரு சமூகத்தையே இரண்டு நாடுகள் எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

லோ அந்த நிலைமையை உண்டாக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடான லயன் காம்பராவில் பிரஷும் இல்லை, பல் டாக்டரும் இல்லை என்பதற்குத் தோட்ட முதலாளிகளும் அரசும்தான் பொறுப்பு. ஆனால் ஆய்வின் மதிப்பே அந்த இல்லாமையில்தான் இருந்தது; வைத்தியம் வந்திருந்தால் இயற்கைப் போக்கு என்ற தலைப்பு போயிருக்கும். ஆர்ஹுஸ் மாணவர்களுக்கு மூன்று வாரம் முடிந்ததும் பிரஷ் கொடுக்கப்பட்டது என்பது சோதனையின் பாதி. தோட்டத்து வடிவமைப்பில் அந்தப் பாதி இல்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவிடமும் இப்படியொரு விண்ணப்பம் போனால் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள், நிறுத்தவும் வேண்டும். அதே மூச்சில், அந்தத் தரவு இல்லாவிட்டால் உலகம் பூராவும் இன்னும் படலம்தான் முழுக் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்போம் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனசு வரவில்லை. வகுப்பறையில் 8, 81, 11 என்று பலகையில் எழுதும்போது அது யாருடைய வாய் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ஆர்ஹுஸின் பன்னிரண்டு பேர் மாணவர்கள், ஆசிரியர், தொழில்நுட்பர் என்று தொழிலோடு நினைவில் நிற்கிறார்கள். இவர்கள் ஏன் வெறும் "இலங்கைக் கூலிகள்" ஆனார்கள்?

லோ 2008ல் காலமானார். 2010ல் வேறொரு குழு அதே ஆட்களைத் தேடிப் போனது. 1973ல் லோவோடு 48 மணி நேரக் கணக்கை எழுதிய லாங்கும் அதில் இருந்தார். கிடைத்தவர்கள் 75 பேர், 1970ன் 480ல் 15.6 சதவீதம். 2017ல் வெளியான கட்டுரைப்படி நாற்பது வருடத்தில் சராசரியாக ஆளுக்கு 13 பற்கள் போயிருந்தன. பன்னிரண்டு பேருக்குப் பல்லே இல்லை. நாலு பேர் ஒரு பல்லைக்கூட இழக்கவில்லை. நோய் தொடங்குவதோடு புகைப்பழக்கமும் காரையும், அது முற்றுவதோடு காரை, படலம், ஈறு அழற்சி மூன்றும் சேர்ந்திருந்தன. நடைமுறைக்கு மிகவும் உதவும் எண்ணும் அதில்தான் இருக்கிறது: 30 வயதில் சராசரிப் பிடிப்பு இழப்பு 1.81 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு 60 வயதில் குறைந்தது 20 பற்களாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம். துல்லியம் எழுபது சதவீதச் சொச்சம்தான், ஜாதகம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த எண்ணை உங்களுக்குப் பயன்படுத்த, முப்பது வயதைச் சுற்றி ஒருமுறை முழு வாய்க்கும் அளவெடுத்துச் சார்ட் போடச் சொல்லுங்கள். கடைவாயின் ஞானப்பற்களை விட்டால் 28 பல், பல்லுக்கு ஆறு இடம், மொத்தம் 168 அளவுகள். பையின் ஆழம், ஈறு ஓரம் நிற்கும் இடம் என இரண்டு வரிசையும் எழுதியிருக்க வேண்டும், ஆழம் மட்டும் இருந்தால் பாதிச் சார்ட். பழகிய கைக்குப் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டே வந்தால் கால் மணி நேரம் போல ஆகும். காரை நிறைய இருந்தால் முதலில் ஸ்கேலிங் செய்து, சில வாரம் விட்டு வீக்கம் வடிந்தபின் அளப்பதே நம்பகமானது. சார்ட்டின் நகலைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த இடத்திலாவது 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் அது பெரும்பாலும் அளவுப் பிசகு அல்ல. 1 மட்டும் கூடியிருந்தால் பதறாமல், மறுபடி ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லலாம்.